ஹோம் தியேட்டர் பிசிக்கு எந்த ப்ராசசர்? என்100, ஐ3-12100, 5600ஜி, 8600ஜி

டிவிக்குப் பக்கத்துல ஒரு பிசி வெச்சு அதுலயே படம், யூடியூப், நம்மகிட்ட இருக்கற படங்களை ஃபோன், டிவின்னு எல்லாத்துக்கும் அனுப்பற ஒரு ஜெல்லிஃபின் சர்வர், பசங்களுக்கு கேம்னு எல்லாத்தையும் முடிச்சிடலாம்னு கெளம்புறவங்க கடையில மொதல்ல கேக்குறது கோர் எத்தனை, கிகாஹெர்ட்ஸ் எத்தனைன்னுதான். படம் ஓட்டறதுக்கு அது ரெண்டும் பெருசா தேவையே இல்ல. 4கே ஹெச்இவிசி ஃபைலை டீகோட் பண்றது, அதாவது சுருக்கி வெச்ச வீடியோவை விரிச்சு காட்டறது, கிராஃபிக்ஸ் பக்கத்துல தனியா இருக்கற மீடியா எஞ்சின், சிபியூ பாட்டுக்கு சும்மா கெடக்கும். அதனால அந்த எஞ்சினுக்கு எந்தெந்த கோடெக் (ஹெச்இவிசி, விபி9, ஏவி1 மாதிரி வீடியோவை சுருக்கற முறை) தெரியும்னு மொதல்ல பாக்கணும், படம் தவிர வேற என்னென்ன வேலை அந்த பொட்டி தலையில கட்டப் போறீங்கங்கறது அடுத்தது.

ஏஎம்டி-யோட ரைசன் 5 5600ஜி-ய எடுத்துக்கோங்க. 2021-ல வந்தது, 6 கோர் 12 த்ரெட், வேகா கிராஃபிக்ஸ், ஏஎம்4 போர்டும் டிடிஆர்4 ரேமும் போதும், அதனால பட்ஜெட் பில்டுன்னாலே இன்னிக்கும் இதைத்தான் சொல்றாங்க. ஹெச்இவிசி 10 பிட், விபி9 ரெண்டும் அழகா ஓட்டும். ஏவி1-க்கு மட்டும் ஹார்டுவேர் டீகோட் கிடையாது. யூடியூப்ல ஒரு 4கே வீடியோவைப் போட்டு ரைட் க்ளிக் பண்ணி ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ் தட்டுங்க, கோடெக்ஸ்னு ஒரு வரி வரும், அது ஏவி01-னு ஆரம்பிச்சா டாஸ்க் மேனேஜர்ல ஜிபியூ டீகோட் கிராஃப் அசையாது, சிபியூ கிராஃப் மட்டும் ஏறும். விபி09-னு இருந்தா அப்படியே தலைகீழ். வீடியோ திக்காதான்னு கேட்டா பெரும்பாலும் திக்காது, 6 கோர் இருக்கறதால சாஃப்ட்வேர்லயே சமாளிச்சிடும், ஆனா படத்துல அமைதியான சீன் ஓடும்போது ஃபேன் ஊன்னு கெளம்பறது ஹாலுக்குள்ள நல்லா கேக்கும், அதுவும் மே மாச வெயில்ல மூடுன டிவி ஷெல்ஃபுக்குள்ள வெச்சிருந்தா சொல்லவே வேண்டாம். ப்ரவுசர்ல ஒரு எக்ஸ்டென்ஷன் போட்டு ஏவி1-ய தடுத்து விபி9-க்கு மாத்திக்கலாம், ஏற்கனவே 5600ஜி வெச்சிருக்கவங்களுக்கு அது போதும். புதுசா காசு குடுத்து வாங்கறவங்க எதுக்கு இந்த வேலை பாக்கணும்?

இன்டெல்லோட என்100 இதுக்கு நேர் எதிர். 4 சின்ன கோர், ஹைப்பர் த்ரெட்டிங் இல்ல, 6 வாட் சிப், பேப்பர்ல பாத்தா பரிதாபமா இருக்கும், ஆனா ஏவி1 உட்பட எல்லாத்தையும் மீடியா எஞ்சின்லயே முடிச்சிடும். மினி பிசியா ரெடிமேடா கெடைக்குது. 24 மணி நேரமும் ஆன்ல வெச்சிருக்கப் போறீங்கன்னா கரண்ட் கணக்கையும் பாத்துடுங்க: சும்மா இருக்கும்போது 10 வாட் இழுத்தா ரெண்டு மாசத்துக்கு 14.4 யூனிட், 25 வாட் இழுக்கற டெஸ்க்டாப்னா 36 யூனிட். தமிழ்நாட்டுல ஃப்ரீ யூனிட்டுக்குள்ள அடங்கற சின்ன வீட்டுக்கு இந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும், ஏசி ஓடி 500-ஐ ஒட்டி நிக்கற வீட்டுக்கும் தெரியும், ஏன்னா அதைத் தாண்டுனா கீழ் ஸ்லாப் சலுகையும் சேந்து போயிடும்.

ஆனா என்100 மூச்சு வாங்கற எடம் ஒண்ணு இருக்கு. ஜெல்லிஃபின்ல இருந்து யாரோ ஒருத்தர் ஃபோன்ல பாக்குறாங்க, ஃபைல் 4கே ஹெச்டிஆர், அதை 1080பி-க்கு மாத்தி கலரையும் சரி பண்ணி அனுப்பறது வரைக்கும் ஓகே, இன்டெல் மீடியா எஞ்சினான குவிக் சிங்க் பாத்துக்கும். அதே ஃபைல்ல சப்டைட்டில் எழுத்தா இல்லாம, ப்ளூ-ரேல இருந்து வந்த பிக்சரா இருக்கற வகையா இருந்து, அதை வீடியோ மேலயே ஒட்டி அனுப்பணும்னா அதுல ஒரு பங்கு வேலை சிபியூ மேல விழும், சின்ன கோருங்க அங்க தெணறும். டெக்ஸ்ட் சப்டைட்டில்னா பெரும்பாலும் இந்தத் தொல்லை இல்ல. இன்னொண்ணு, டிஸ்க், கார்டு எல்லாம் சிப்போட பேசற பாதையான பிசிஐஇ லேன் மொத்தமே 9, அதனால ஹார்ட் டிஸ்க் நாலு சொருகலாம்னு ஆசைப்பட்டா பெரும்பாலும் யூஎஸ்பி பொட்டிதான் கதி. கேமா? பழைய கேம், எமுலேட்டர், அவ்வளவுதான்.

இன்டெல் ஐ3-12100 நடுவுல நிக்குது, என்னோட ஓட்டு இதுக்குத்தான். 4 பெரிய கோர் 8 த்ரெட், அதே ஏவி1 டீகோட், அதே குவிக் சிங்க், டிடிஆர்4 போர்டு வேணும்னாலும் இருக்கு. ரேம் விலை 2025 கடைசியில இருந்து ஏறி நிக்கறப்ப வீட்டுல கெடக்கற பழைய டிடிஆர்4-ஐ சொருக முடியறது லேசுப்பட்ட விஷயம் இல்ல. அப்புறமா ஒரு கிராஃபிக்ஸ் கார்டு போட்டா கேமும் ஆடலாம். வாங்கும்போது பேர் கடைசியில எஃப் இருக்கான்னு பாத்துடுங்க, 12100எஃப்னா கிராஃபிக்ஸே கிடையாது, விலை கம்மின்னு கடைக்காரர் தள்ளி விடுவார், அப்புறம் இந்தக் கட்டுரை மொத்தமும் வேஸ்ட். நெறைய பேருக்கு ஒரே நேரத்துல ட்ரான்ஸ்கோட் பண்ணணும்னா (வீடியோவை வேற சைஸுக்கு மாத்தி அனுப்பறது) ஐ5-12500 பாருங்க, அதுல இருக்கற யூஹெச்டி 770 கிராஃபிக்ஸ்ல மீடியா எஞ்சின் ரெண்டு, ஐ5-12400-ல ஒண்ணுதான். பேர்ல நூறு நம்பர்தான் வித்தியாசம், ஆனா சர்வர் வேலைக்கு பெரிய வித்தியாசம்.

ஏஎம்டி-யோட ரைசன் 5 8600ஜி யாருக்குன்னா, தனி கார்டு போட பொட்டியில எடமில்ல, ஆனா கேம் கண்டிப்பா வேணும்ங்கறவங்களுக்கு. 2024 ஜனவரியில வந்தது, உள்ளயே ரேடியான் 760எம் கிராஃபிக்ஸ், ஏவி1 டீகோட் மட்டுமில்ல என்கோடும் (வீடியோவை ஏவி1-ஆ சுருக்கறது) பண்ணும், அது இங்க சொன்ன மத்த யாருக்கும் கிடையாது. 1080பி-ல செட்டிங்ஸ் கொறச்சு வெச்சா நெறைய கேம் ஆடலாம். ரேம் ரெண்டு ஸ்டிக்கா போடுங்க, ஒத்த ஸ்டிக் போட்டா கிராஃபிக்ஸ் வேகம் பாதாளத்துக்குப் போயிடும். டிடிஆர்5 மட்டும்தான், அங்கதான் பட்ஜெட் அடி வாங்கும். அப்புறம் கார்டு போட்டுக்கலாம்னு நெனச்சு இதை வாங்காதீங்க, கார்டு ஸ்லாட்டுக்கு 8 லேன்தான் வரும், அதோட காசு குடுத்த 760எம் சும்மா தூங்கும்.

நெட்ஃப்ளிக்ஸ் 4கே-க்கு இந்த நாலுல எதை வாங்குனாலும் விண்டோஸ்தான், லினக்ஸ் ப்ரவுசர்ல 4கே வராது. 4கே ப்ளூ-ரே டிஸ்கை பிசியில முறைப்படி ஓட்டணும்னா எஸ்ஜிஎக்ஸ்-ங்கற பாதுகாப்பு வசதி இருக்கற பழைய இன்டெல் வேணும், 11-வது ஜெனரேஷன்ல இருந்து டெஸ்க்டாப் சிப்புங்கள்ல அதை எடுத்துட்டாங்க, ஏஎம்டி-ல என்னைக்குமே இருந்ததில்ல, அந்த ஆசை இருந்தா தனி ப்ளேயர் வாங்கிடுங்க.

போர்டு எடுக்கும்போது ஹெச்டிஎம்ஐ போர்ட் பக்கத்துல என்ன போட்டிருக்குன்னு ஸ்பெக் ஷீட்ல படிங்க. ஐ3-12100-க்கு கெடைக்கற சில மலிவான ஹெச்610 போர்டுல ஹெச்டிஎம்ஐ 1.4-தான், 4கே 30 ஹெர்ட்ஸோட நின்னுடும், மௌஸ் பாயின்டரே விட்டு விட்டு நகரும். அதுல டிஸ்ப்ளேபோர்ட் இருந்தா ஹெச்டிஎம்ஐ 2.0 ஆக்டிவ் அடாப்டர் ஒண்ணு போட்டு 60-க்கு கொண்டு வரலாம்.