சி.எஸ்.டி.: ஸ்க்ரீன் டாக்டரோடு 18 மாதம்

"உங்க அப்பா இருக்கிற முதியோர் இல்லத்திலேயே எங்க அம்மாவையும் சேர்க்கலாமாடா? டாக்டர் வீடியோவில்தான் வருவாராமே?" என்று போன வாரம் நண்பன் கேட்டான். அதே வாரம்தான் டாக்டர் கண்காணிப்புக் கட்டணம் மாதம் 2,500 ரூபாயிலிருந்து 3,500 ஆகிறது என்று வாட்ஸ்அப்பில் தகவல் வந்தது. எந்த மனநிலையில் எழுதுகிறேன் என்று புரிந்திருக்கும்.

ஏற்பாடு பலருக்கும் தெரிந்ததுதான். இல்லம் கோவைக்கு வெளியே, டாக்டர் சென்னையில். புதன்கிழமைதோறும் டேப்லட்டில் வந்து அப்பாவைப் பார்ப்பார். மருந்து, சாப்பாடு, நடைப்பயிற்சி, புரட்டிப் படுக்கவைப்பது எல்லாம் அடங்கிய பராமரிப்புத் திட்டத்தைத் திருத்திக் கையெழுத்திடுவார். அப்பாவுக்கு 81 வயது. பக்கவாதத்தில் வலது பக்கம் தளர்ந்தது. சுகர், பிரஷர், ப்ராஸ்டேட் எல்லாம் உண்டு.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன், அப்புறம் கோபத்தில் விட்டுப்போகும். இல்லத்தில் சேரும் முன் வீட்டில் ராத்திரி பாத்ரூம் போக எழுந்து மூன்று முறை விழுந்தார். நேரில் பார்த்த இரண்டு டாக்டர்களுமே உட்காரவைத்துத்தான் பிரஷர் பார்த்தார்கள். இந்த ஸ்க்ரீன் டாக்டர் இரண்டாவது புதன்கிழமையே, "சிஸ்டர், ஐயாவை அஞ்சு நிமிஷம் படுக்கவச்சுப் பாருங்க. அப்புறம் நிக்கவச்சு ஒரு நிமிஷத்தில் ஒண்ணு, மூணாவது நிமிஷத்தில் ஒண்ணு" என்றார். படுத்தபோது 148, நின்றபோது 118. மேல் எண் 20 குறைந்தாலே கவனிக்கவேண்டுமாம், இங்கே 30. ப்ராஸ்டேட்டுக்குச் சாப்பிடும் டாம்சுலோசினும் பிரஷரை இறக்கும் என்று விளக்கி, பிரஷர் மாத்திரையான ஆம்லோடிபினை 10 மில்லிகிராமிலிருந்து 5 ஆக்கினார். எழுந்ததும் கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கப்போட்டு இரண்டு நிமிஷம் உட்கார்ந்த பிறகே நிற்கவேண்டும் என்று திட்டத்தில் ஒரு வரி சேர்த்தார். அதற்குப் பிறகு அப்பா விழவில்லை.

தூக்கத்துக்கு அல்பிரசோலம் எழுதித் தரச் சொன்னேன், மறுத்துவிட்டார். 2020 மார்ச்சில் வந்த தொலைமருத்துவ வழிகாட்டு நெறிமுறைப்படி அந்த வகை மாத்திரையை வீடியோவில் பார்த்து எழுதக் கூடாது. எரிச்சலோடு டவுனுக்குக் கூட்டிப்போனால், அங்கிருந்த டாக்டரும், "விழுற பெரியவருக்கு இதைக் குடுக்கறதா?" என்று மறுத்துவிட்டார். பெட்ரோல்தான் நஷ்டம்.

இப்போது என் பிரச்சினைக்கு வருகிறேன். அதன் பெயர் சி.எஸ்.டி. கேஸ் ஷீட் பார்த்தவர்களுக்குத் தெரியும்: கன்டினியூ சேம் ட்ரீட்மென்ட், பழையபடியே தொடரவும். 18 மாதத்தில் 74 புதன்கிழமை பார்த்திருக்கிறார், 61 தாளில் இந்த மூன்று எழுத்துதான். கடையில் ஒரு கிலோ சர்க்கரைக்குத் தரும் பில்லில்கூட இதைவிட அதிகம் எழுதியிருக்கும். மாற்ற ஒன்றுமில்லை என்றால் என்ன எழுதுவார், நியாயம்தான். ஆனால் பார்த்துவிட்டு எழுதிய சி.எஸ்.டி. எது, பார்க்காமல் எழுதியது எது என்று தாளில் எப்படித் தெரியும்?

பிப்ரவரியில் காய்ச்சல் வந்து அப்பா பத்து நாள் படுக்கையில் இருந்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை போனேன். நகம் வெட்டலாம் என்று சாக்ஸைக் கழற்றினால், வலது குதிகாலில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குக் கறுப்பாகக் காய்ந்த புண். சுகர் இருப்பதால் அவருக்கு வலியே தெரியவில்லை. அதற்கு முந்தைய புதன்கிழமைத் தாளை எடுத்துப் பார்த்தேன்: "தோல் நலம். சி.எஸ்.டி." டேப்லட்டில் முகம் தெரியும், கொஞ்சம் நெஞ்சு தெரியும், சில நாள் சீலிங் ஃபேன் தெரியும். கால் யாருக்குமே தெரிந்ததில்லை.

ஆபீஸ் அறையில் நான் போட்ட சத்தத்தில் பக்கத்து அறைப் பாட்டி வெளியே வந்து பார்த்தார். ஒன்றையும் சொல்லவேண்டும்: ஞாயிறு என்று பார்க்காமல் பத்து நிமிஷத்தில் டாக்டர் லைனில் வந்தார். "பொருக்கை உரிக்காதீங்க. கெண்டைக்காலுக்குக் கீழே தலையணை வைங்க, குதிகால் அந்தரத்தில் நிக்கணும்" என்றார். கால் ரத்த ஓட்டத்தைப் பார்க்க மறுநாளே சர்ஜனிடம் அனுப்பினார். ஆற மூன்று மாதம் ஆனது. தப்பு தன்னுடையது என்று அவரே சொன்னார். அதற்கு மேல் எனக்குக் கத்த வரவில்லை. அன்றிலிருந்து திட்டத்தின் முதல் வரியே மாறிவிட்டது: சாக்ஸைக் கழற்றி முதலில் பாதம், அப்புறம்தான் முகம்.

சரி, நண்பனுக்கு என்ன சொன்னேன்? சேர்க்காதே என்றேன். வாரம் ஒரு முறை நேரில் போய்த் தலை முதல் கால் வரை தடவிப் பார்க்க உனக்கு நேரம் இருந்தால் சேர், இல்லாவிட்டால் அந்தப் பக்கமே போகாதே என்றேன். அடுத்த ஆறு மாதத்துக்கான பணத்தை நேற்று நான் கட்டிவிட்டது அவனுக்குத் தெரியாது. கேட்டால் அதற்கும் ஏதாவது சொல்லிக்கொள்ளலாம். விழாமல் வைத்திருக்கிறாரே அந்த மனுஷன்.

அப்பாவுக்கு டாக்டர் மேல் ஒரு வருத்தமும் இல்லை. "தம்பி, சாப்டாச்சுங்களா?" என்று டேப்லட்டைப் பார்த்து அவர்தான் முதலில் விசாரிப்பார். நேற்று ராத்திரி சும்மா பேசலாம் என்று நான் வீடியோ கால் போட்டேன். போன் வெளிச்சத்தைப் பார்த்ததும், ஒன்றும் சொல்லாமல் இடது கையால் வலது காலைப் பிடித்துத் தூக்கி, குதிகாலைக் கேமராவுக்கு நேராக வைத்தார்.