குறைந்த விலை இணையக் கணினி: தின் கிளையன்ட்டா, குரோம்புக்கா, ராஸ்பெர்ரி பையா?

உலாவி ஓடினால் போதும், கனமான மென்பொருள் எதுவும் வேண்டாம் என்பவர்களுக்கு மலிவாகக் கிடைப்பவை இந்த மூன்றும்தான். விலையை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். கோளாறு வந்தால் என்ன ஆகும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

தின் கிளையன்ட்டில் வேலை எல்லாம் சர்வர் எனும் மையக் கணினியில் நடக்கும். மேசை மேல் இருக்கும் பெட்டி திரையைக் காட்டுவதோடு சரி. 1999இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் என்ற கணினி நிறுவனம் கொண்டுவந்த சன் ரே இதை அழகாகச் செய்தது. யார் என்று அடையாளம் காட்டும் ஸ்மார்ட் கார்டைப் பெட்டியிலிருந்து உருவி வேறு மேசையில் செருகினால், பாதியில் விட்ட வாக்கியம்கூட அங்கே அப்படியே வந்து நிற்கும். பெட்டி பழுதானால் இன்னொன்றை மாட்டிக்கொள்ளலாம். சர்வர் படுத்துவிட்டால் மட்டும் அத்தனை பேரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். சர்வரைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கும் அலுவலகத்துக்கும் கணினிக் கூடத்துக்கும் இது அருமை. வீட்டுக்குச் சரிப்படாது.

வீட்டுக்கும் மாணவர்களுக்கும் என் தேர்வு, 2011இல் விற்பனைக்கு வந்த குரோம்புக். கூகுளின் குரோம் ஓஎஸ் இயங்குதளம் ஓடும் மடிக்கணினி இது. இதில் இயங்குதளத்துக்கு இரண்டு இடங்கள் உண்டு. ஒன்றில் நீங்கள் வேலை பார்க்கும்போதே அடுத்ததில் அப்டேட் ஏறிவிடும். ரீஸ்டார்ட் செய்ததும் புதியது எழும். அது எழாவிட்டால் பழையதே திரும்பி வரும். கணினி தெரியாதவர் கையில் தைரியமாகக் கொடுக்கலாம்.

ஆனால் ஒன்றைக் கட்டாயம் பார்க்க வேண்டும். ஒவ்வொரு மாடலுக்கும் தானியங்கி அப்டேட் நின்றுபோகும் தேதி ஒன்று உண்டு. 2021 முதல் வந்த மாடல்களுக்குப் பத்து ஆண்டுகள் என்று கூகுள் அறிவித்திருக்கிறது. அந்தக் கணக்கு நீங்கள் வாங்கிய நாளிலிருந்து ஓடுவதில்லை, அந்த வன்பொருள் முதலில் வெளிவந்த நாளிலிருந்தே ஓடத் தொடங்கிவிடும். தள்ளுபடியில் கிடைக்கும் பழைய ஸ்டாக்கில் பல ஆண்டுகள் ஏற்கெனவே கரைந்திருக்கலாம். நல்ல நிலையில் இருக்கும் கணினி பாதுகாப்பு அப்டேட் இல்லாமல் வீணாவது வருத்தமான விஷயம். அந்தத் தேதிக்கு இரண்டு ஆண்டுகூட இல்லை என்றால், எவ்வளவு மலிவானாலும் வாங்காதீர்கள்.

அப்புறம் ராஸ்பெர்ரி பை 400. 2020இல் வந்தது, விசைப்பலகைக்குள்ளேயே முழுக் கணினி, 4 ஜிபி ராம். லினக்ஸ் இயங்குதளம் ஓடும், மின்னணுப் பரிசோதனைக்குக் கம்பி இணைக்க 40 பின்களும் உண்டு. நோண்டிப் பார்க்க ஆசைப்படும் பிள்ளைகளுக்கு இதைவிட நல்லது தெரியவில்லை. இயங்குதளம் மைக்ரோ எஸ்டி கார்டில் இருப்பதால், திடீரென மின்சாரம் போனால் கோப்புகள் கெட வாய்ப்புண்டு. இன்னொரு கார்டில் நகல் எடுத்து வையுங்கள். திரை தனியாக வாங்க வேண்டும் என்பதால், மானிட்டர் ஏற்கெனவே இருப்பவர்களுக்குத்தான் இது மலிவு.