10,000 லக்ஸ் விளக்கு வாங்கும்போது பெட்டியில் தேட வேண்டிய இரண்டாவது எண்

ரொறன்ரோவில் நவம்பர் முதல் ஞாயிறு மணிக்கூட்டைப் பின்னுக்கு வைத்ததும், வேலை முடிந்து வெளியே வரும்போதே இருட்டிவிடுகிறது. டிசம்பர் 21 வாக்கில் சூரியன் காலை 7:48 அளவில் எழுந்து மாலை 4:43க்கெல்லாம் மறைந்துவிடும். இந்த மாதங்களில் எவ்வளவு தூங்கினாலும் போதாமல், சோறும் இனிப்பும் கூடுதலாகக் கேட்டு, ஆட்களைப் பார்க்கவே மனம் வராமல் போவதைச் சோம்பல் என்று திட்டுவது அநியாயம். மனநல மருத்துவர் நார்மன் ரோசந்தாலும் அவருடைய குழுவினரும் 1984இலேயே இதைப் பருவகால மனச்சோர்வு என விவரித்து, பிரகாசமான ஒளியால் குறைவதையும் காட்டினார்கள்.

அதற்கான விளக்குகளில் நாங்கள் முதலில் கைகாட்டுவது கேரெக்ஸ் டே-லைட் கிளாசிக் பிளஸ். காரணம் ஒன்றுதான்: 12 அங்குலத் தூரத்தில் 10,000 லக்ஸ் (ஓர் இடத்தில் விழும் வெளிச்சத்தின் அளவு) என்று தூரத்தையும் சேர்த்துச் சொல்கிறார்கள். மலிவான கையடக்க விளக்குப் பலகைகள் பலவற்றில் 10,000 என்ற எண் மட்டும் பெரிதாக இருக்கும். கையேட்டைப் புரட்டினால் அது 4 அல்லது 6 அங்குலத்துக்கான கணக்கு. முகத்தை அவ்வளவு கிட்ட வைத்துக்கொண்டு யாராலும் காலைச் சாப்பாடு சாப்பிட முடியாது. தூரம் இரட்டித்தால் சிறிய விளக்கின் வெளிச்சம் ஏறத்தாழக் கால்பங்காகிவிடும். அகன்ற பலகையில் இறக்கம் அவ்வளவு வேகமில்லை, தலையைச் சற்று அசைத்தாலும் ஒளி தப்பாது.

கையில் ஆண்ட்ராய்டு ஃபோன் இருந்தால் லக்ஸ் அளக்கும் இலவசச் செயலி ஒன்றை இறக்கி, நீங்கள் உட்காரும் இடத்தில் கண் இருக்கும் உயரத்தில் திரையை விளக்கின் பக்கம் திருப்பிப் பிடியுங்கள். துல்லியமாக இராது. ஆனால் 9,000 வருகிறதா 2,500தானா என்று தெரிந்துகொள்ள அது போதும். 2,500 என்றால் அரை மணி நேரத்துக்குப் பதில் இரண்டு மணி நேரம் உட்கார வேண்டும். வேலைக்குப் போகிறவர்களுக்கு அது நடக்கிற காரியமா?

எழுந்த ஒரு மணி நேரத்துக்குள், 30 நிமிடம், தினமும். விளக்கின் மேல்விளிம்பு கண்ணுக்கு மேலே இருக்கட்டும், பலகையைக் கீழ்நோக்கிச் சாய்த்து, முகத்துக்கு நேரே வைக்காமல் கொஞ்சம் பக்கவாட்டில் வையுங்கள். கண் திறந்திருக்க வேண்டும், விளக்கையே பார்க்கத் தேவையில்லை. தேநீரோ பத்திரிகையோ போதும். மாலையில் போட்டால் தூக்கம் கெடும். தலைவலியோ கண்ணெரிச்சலோ வந்தால் 15 நிமிடமாகக் குறைத்து மெல்லக் கூட்டுங்கள். பலர் மூன்றாம் நாளே ஒன்றுமில்லை என்று மூலையில் வைத்துவிடுகிறார்கள். பலன் தெரிய இரண்டு வாரம்கூட ஆகலாம்.

குறையும் உண்டு: பெரிய விளக்கு, சாப்பாட்டு மேசையில் ஒரு ஆளின் இடத்தைப் பிடிக்கும், பயணத்துக்கு ஆகாது, விலையும் சிறியவற்றைவிடக் கூட.

இருமுனைக் கோளாறு (மனம் சோர்வுக்கும் மிகை உற்சாகத்துக்கும் மாறி மாறிப் போகும் நோய்) உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது, மனம் எதிர்த்திசையில் எகிறிவிடும் அபாயம் உண்டு. நம் வீடுகளில் சர்க்கரை வியாதி அதிகம் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறோம்: விழித்திரைப் பாதிப்பு இருந்தால் முதலில் கண் மருத்துவர். டாக்ஸிசைக்ளின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி போல வெளிச்சத்துக்கு உடலைக் கூச வைக்கும் மருந்து எடுப்பவர்களும் கேட்க வேண்டும். உயிரோடு இருக்கவே பிடிக்கவில்லை என்ற நினைப்பு வந்தால் விளக்கை நம்பியிருக்காமல் தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணான 988க்கு அழையுங்கள், குறுஞ்செய்தியும் அனுப்பலாம்.

இந்த விளக்கில் புற ஊதாக் கதிர் வடிகட்டப்படுவதால் வைட்டமின் டி கிடைக்காது, அதற்கு மாத்திரைதான். வெளிவெளிச்சத்துக்கும் இது மாற்றில்லை. வீட்டு அறையில் 300 லக்ஸ் இருந்தாலே அதிகம், மேகம் மூடிய மதியத்தில்கூட வெளியே அதைப் பல மடங்கு மிஞ்சும். ஆகவே நடையை மதியத்துக்கு மாற்றுங்கள். நடக்கப் போகும்போது உள்ளே பருத்தி உடை வேண்டாம், வியர்வையைப் பிடித்துவைத்துக் குளிரூட்டிவிடும். மெரினோ கம்பளி அல்லது பாலியெஸ்டர், அதன் மேல் ஃபிளீஸ், வெளியே காற்றுத் தடுக்கும் ஜாக்கெட். சொந்தமாக ஸ்கேட் இருந்தால் நேதன் பிலிப்ஸ் சதுக்கப் பனித்தளத்தில் சறுக்கக் கட்டணமில்லை. சனி, ஞாயிறு பகலில் பிள்ளைகளோடு போங்கள், விண்டர் பிடித்துப்போக அதைவிட நல்ல வழி இந்த நகரில் குறைவு.

விளக்கை அக்டோபரிலேயே வாங்கிவிடுங்கள். திருப்பிக் கொடுக்கும் கெடு எத்தனை நாள் என்று பில்லில் பார்த்து, அதற்குள் தினமும் போட்டுப் பாருங்கள்.