40 டிகிரி கண்ணாடியும் 4 டிகிரி படிகமும்

லேசர் கற்றையைத் திருப்பும் கருவியைத் தேடுகிறவர்கள் முதலில் கேட்பது, "எத்தனை டிகிரி திரும்பும்?" என்றுதான். நானும் வெகுகாலம் அப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். ஆனால் கோணம் தனியாக எதையும் சொல்வதில்லை. இரண்டு லென்ஸ்களைச் சரியான இடைவெளியில் வைத்துவிட்டால் கோணத்தைப் பத்து மடங்காக்கிவிடலாம். அப்போது கற்றையின் விட்டம் பத்தில் ஒன்றாகச் சுருங்கும். சுருங்கிய கற்றை, விளிம்பு விளைவால் பத்து மடங்கு வேகமாக விரியும். மாறாமல் நிற்பது ஓர் எண் மட்டும்தான்: கோணத்தை ரேடியனில் எடுத்து, கற்றையின் விட்டத்தால் பெருக்கி, அலைநீளத்தால் வகுக்க வேண்டும். ஒரு வரியில் ஒன்றோடொன்று கலக்காத எத்தனை புள்ளிகளை வைக்கலாம் என்பது அதுதான். எந்த லென்ஸும் இந்த எண்ணைக் கூட்டித் தராது.

சிறியதாகவும் வேகமாகவும் வேண்டும் என்பவர்கள் முன் முதலில் வந்து நிற்கும் இரண்டு போட்டியாளர்களை இந்த அளவுகோலில் வைத்துப் பார்க்கிறேன். ஒன்று, மெம்ஸ் கண்ணாடி, அதாவது சிலிக்கானில் செதுக்கிய, ஆடும் நுண் கண்ணாடி. 1 மில்லிமீட்டர் விட்டம், மொத்தம் 40 டிகிரி வீச்சு என்று கொள்வோம். 1064 நானோமீட்டர் லேசருக்கு ஏறத்தாழ 650 புள்ளிகள் கிடைக்கும். மற்றொன்று, டெல்லூரியம் டை ஆக்சைடு படிகத்தில் இயங்கும் ஒலி-ஒளி விலக்கி. படிகத்தில் ஒட்டிய, மின்னழுத்தத்தால் அதிரும் பீசோ தகடு ரேடியோ அதிர்வெண்ணில் ஒலி அலையை உள்ளே அனுப்புகிறது. அந்த அலை, ஒளியைத் திருப்பும் நெருக்கமான கோடுகளின் வரிசையாக, நகரும் கீற்றணியாகிறது. அதிர்வெண்ணை மாற்றினால் கற்றையின் திசை மாறுகிறது. இந்தப் படிகத்தில் மெதுவான ஒலி அலையின் வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 617 மீட்டர். 10 மில்லிமீட்டர் கற்றையும் 40 மெகாஹெர்ட்ஸ் பட்டை அகலமும் (அதிர்வெண்ணை மாற்றக்கூடிய எல்லை) இருந்தால், திரும்பும் கோணம் வெறும் 4 டிகிரி. புள்ளிகளோ, இங்கும் அதே 650.

விவரத் தாளில் 40க்கும் 4க்கும் உள்ள தூரத்தைப் பார்த்துப் படிகத்தை ஒதுக்கிவிடுகிறவர்கள் உண்டு. என்னை உறுத்துவது அதுதான். இரண்டும் தரும் நுணுக்கம் ஒன்றே. வேறுபாடு நேரத்தில் இருக்கிறது, அதுவும் நாம் எப்படி வேகத்தைக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்துத் தலைகீழாகிறது.

மெம்ஸ் கண்ணாடி 20 கிலோஹெர்ட்ஸில் ஒத்ததிர்வில் ஆடினால், ஒரு திசையில் கடக்க 25 மைக்ரோவிநாடி. அதற்குள் 650 புள்ளிகள் என்றால், ஒரு புள்ளிக்குச் சராசரியாக 40 நானோவிநாடிகூட ஆகவில்லை. ஆனால் அது ஊஞ்சல். எங்கே நிற்க வேண்டும் என்று அதற்குச் சொல்ல முடியாது. விளிம்புகளில் தயங்கும், நடுவில் பாயும். நின்று நின்று நகரும் மெம்ஸ் வகைகளும் இருக்கின்றன. அவற்றுக்குப் பெரும்பாலும் மில்லிவிநாடிக் கணக்கில் நேரம் வேண்டும். படிகத்தில் நிலைமை வேறு. புதிய அதிர்வெண் கொண்ட ஒலி அலை கற்றையின் அகலம் முழுவதையும் கடக்க 16 மைக்ரோவிநாடி ஆகும். அந்த நேரத்தில் அடுத்த புள்ளிக்கும் போகலாம், வரியின் மறு கோடிக்கும் போகலாம். இரண்டும் அதற்கு ஒன்றே. நரம்பணுக்கள் சிதறிக் கிடக்கும் திசுவில் சிலவற்றை மட்டும் மாறி மாறிப் பார்க்க வேண்டிய நுண்ணோக்கிக்கு இதைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரியாது.

அப்படியானால் படிகத்தையே வரிசையாகவும் ஓட்டலாமே என்று தோன்றும். 25 மைக்ரோவிநாடியில் 40 மெகாஹெர்ட்ஸையும் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை தொடர்ச்சியாகக் கடந்து பார்த்தால், கற்றையின் ஒரு ஓரத்தில் ஓர் அதிர்வெண்ணும் மறு ஓரத்தில் வேறொன்றும் இருக்கும். படிகமே 22 சென்டிமீட்டர் குவியத்தூரம் கொண்ட உருளை லென்ஸாக மாறிவிடும். மாறாத லென்ஸ் என்பதால் எதிர் லென்ஸ் வைத்துச் சரிசெய்யலாம். ஆனால் ஒலி நிரம்புவதற்குப் போன நேரம் திரும்பாது, 650 புள்ளிகளில் சுமார் 230தான் மிஞ்சும். வரிசையாகப் புள்ளிகளைக் கடக்கும் வேலை கண்ணாடிக்கே உரியது.

அளவு விஷயத்திலும் படிகம் ஏமாற்றும். உள்ளங்கையில் அடங்குகிறதே என்று நினைத்தால், அதை ஓட்டும் ரேடியோ அதிர்வெண் பெருக்கியும் வெப்பத்தை வாங்கும் உலோகத் தகடும் கூடவே வருகின்றன. இரு பரிமாணத்துக்கு இரண்டு படிகங்கள் வேண்டும். ஒவ்வொன்றும் 70 விழுக்காடு ஒளியைத் திருப்பினால் கடைசியில் கையில் வருவது பாதிக்கும் குறைவு. மெம்ஸ் இங்கே தெளிவாக வெல்கிறது: ஒரே சட்டத்தில், ஒரே மையத்தில், இரு அச்சுகள். அதன் பலவீனம் வேறு இடத்தில். கண்ணாடி உறிஞ்சும் சிறு வெப்பமும் மெல்லிய முறுக்குக் கம்பிகள் வழியாகத்தான் பெரும்பாலும் வெளியேற வேண்டும். லேசர் திறனைக் கூட்டினால் கம்பி சூடாகி இளகும், ஒத்ததிர்வு அதிர்வெண் நழுவும். அதைத் தொடர்ந்து கண்காணித்துத் துரத்தும் மின்சுற்று இல்லாமல் படம் நிலையாக நிற்காது.

பெரிய விட்டம் வேண்டுமென்றால், மோட்டார் அச்சில் பொருத்திய கால்வனோமீட்டர் (சுருக்கமாகக் கால்வோ) கண்ணாடியை விட்டால் வழியில்லை. 10 மில்லிமீட்டர் கற்றை, 40 டிகிரி: 6,500 புள்ளிகள், மற்ற இரண்டையும்போல் பத்து மடங்கு. தூரத்திலிருந்து திரும்பி வரும் ஒளியை அதே கண்ணாடியால் வாங்கும் லைடாருக்கும் (லேசரால் தூரத்தை அளக்கும் கருவி) பரப்பளவு முக்கியம். 1 மில்லிமீட்டர் கண்ணாடி வாங்குவது இதில் நூற்றில் ஒரு பங்கு. ஆனால் கண்ணாடியின் விட்டத்தை இரட்டிப்பாக்கினால், திருப்பும்போது வளையாமலிருக்கத் தடிமனையும் இரட்டிப்பாக்க வேண்டும். நிலைமத் திருப்புத்திறன், அதாவது சுழற்றுவதற்கு அது காட்டும் எதிர்ப்பு, 32 மடங்காகும். அதே மோட்டாரில் அதே கோணத்துக்கு ஐந்தரை மடங்குக்கும் மேல் நேரம் ஆகும். "கொஞ்சம் பெரிய கண்ணாடி போட்டுக்கொள்ளலாம்" என்று கடைசி நேரத்தில் எடுக்கும் முடிவு, மொத்த வடிவமைப்பையும் சாய்த்துவிடும்.

சுழலும் பல்முகக் கண்ணாடிக்கு ஒரு வாக்கியம் போதும்: ஒரே திசையில் ஒரே சீராக வரி வரியாகப் போக வேண்டுமானால், லேசர் அச்சுப்பொறி காட்டிய அந்த வழியை இன்னும் எதுவும் எளிதில் மிஞ்சவில்லை.

அசையும் பாகமே இல்லாத ஒளியியல் கட்ட வரிசைதான் பலரின் கனவு, என் கனவும்கூட. ஒரு சில்லில் வரிசையாக அமைந்த நுண் ஆன்டெனாக்கள் விடும் ஒளி அலைகளை ஒன்றுக்கொன்று சற்றே முன்பின்னாக்கி (அதாவது அவற்றின் கட்டத்தை மாற்றி) அது கற்றையைத் திருப்புகிறது. 2013இல் நேச்சர் இதழில் வெளியான 64 × 64 ஆன்டெனா சில்லு, 4,096 ஆன்டெனாக்களை 0.6 மில்லிமீட்டருக்கும் குறைவான பக்கம் கொண்ட சதுரத்தில் அடக்கியது. ஆனால் நம் அளவுகோலை வைத்தால் கணக்கு இரக்கமில்லாமல் வருகிறது: ஓர் அச்சில் எத்தனை ஆன்டெனாக்களோ, ஏறத்தாழ அத்தனை புள்ளிகள்தான். 64 வைத்தால் 64. இடைவெளி அரை அலைநீளத்தைவிடப் பெரிதானால் பக்கங்களில் போலிக் கற்றைகள் கிளம்பும். நெருக்கினால் அலைநடத்திகள் ஒளியைத் தங்களுக்குள் பரிமாறிக்கொள்ளும். 650 புள்ளிகளுக்கு, சூடாக்கிக் கட்டத்தை மாற்றும் 650 வெப்பக் கட்ட மாற்றிகள், ஒவ்வொன்றுக்கும் 10 மில்லிவாட் என்றால் 6.5 வாட், அதுவும் ஓர் அச்சுக்கு மட்டும். இன்றைக்கு ஒரு கருவியைக் கட்டி முடிக்க வேண்டிய கட்டாயம் இருப்பவருக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

நான் பரிந்துரைப்பது, ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் பிடிவாதத்தை விடுவதை. 6,500 புள்ளிகளின் வீச்சும் 16 மைக்ரோவிநாடித் தாவலும் சேர்ந்தே வேண்டுமென்றால், படிகத்தைக் கால்வோவுக்கு முன்னால் வையுங்கள். பெரிய நகர்வுகள் கண்ணாடிக்கு, அதைச் சுற்றிய 4 டிகிரி படிகத்துக்கு. கால்வோவின் அச்சிலுள்ள நிலை உணரி, கண்ணாடி இன்னும் எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பதைச் சொல்லிக்கொண்டே இருக்கும். அந்தப் பிழையை அதிர்வெண்ணாக மாற்றிப் படிகத்துக்குக் கொடுத்தால், கண்ணாடி ஆடி அடங்கும் முன்பே புள்ளி தன் இடத்தில் நிற்கும்.