சியாங் மாயில் பறிபோன முன்பணம்: வாடகைக்கு வீடு எடுப்போர் கவனத்திற்கு

வட தாய்லாந்தின் சியாங் மாய் நகருக்குத் தென்மேற்கே உள்ள ஹாங் டாங் மாவட்டத்தில், ஒரு தேக்கு வீட்டில் 2022 ஜூலை முதல் 2023 செப்டம்பர் இறுதி வரை பதினைந்து மாதங்கள் நானும் என் கணவரும் வாடகைக்கு இருந்தோம். காலி செய்தபோது திரும்பி வரவேண்டிய 36,000 பாட் முன்பணத்தில் எங்கள் கைக்கு வந்தது 10,000 பாட் மட்டுமே. அதுவும் ஐந்து வாரம் அலைந்த பிறகு, ஊர்த் தலைவர் குறுக்கிட்டதால் வந்தது. மின்கட்டணம் என்ற பெயரில் மாதாமாதம் கூடுதலாகப் போன பணம் இந்தக் கணக்கில் சேராது. ஓய்வு பெற்றபின் தாய்லாந்தில் குடியேறலாமா என்று ஐரோப்பாவில் வாழும் நம்மவர் பலர் என்னிடம் கேட்கிறார்கள். அவர்களுக்காகவே நடந்ததை எழுதுகிறேன்.

வீட்டுக்காரம்மாவின் பெயரையோ தெருவின் பெயரையோ நான் குறிப்பிடப் போவதில்லை. அது பெருந்தன்மை அன்று. தாய்லாந்தில் அவதூறு என்பது குற்றவியல் சட்டத்தின்கீழ் வருகிறது. எழுதிப் பரப்பினால் இரண்டு ஆண்டு வரை சிறையும் 2,00,000 பாட் வரை அபராதமும் விதிக்கலாம். 2020இல் கோ சாங் தீவில் தாம் தங்கிய விடுதியைக் குறைகூறி இணையத்தில் விமர்சனம் எழுதிய அமெரிக்கர் ஒருவர், அந்த விடுதியின் புகாரால் கைதாகி, கடைசியில் மன்னிப்புக் கேட்டு மீண்டார். ஏமாந்த ஆத்திரத்தில் பெயரையும் படத்தையும் போட்டுவிட்டால், ஏமாற்றியவர் முறையிடுபவராகவும் நாம் குற்றவாளியாகவும் நிற்க நேரிடும் என்பதை முதலிலேயே சொல்லிவைக்கிறேன்.

என் கணவர் நெதர்லாந்துக்காரர். நான் கும்பகோணத்தில் பிறந்து முப்பது ஆண்டுகளை அந்த நாட்டில் கழித்தவள். தாய்லாந்து மக்களின் பேச்சில் அவர் 'ஃபராங்', அதாவது வெள்ளைக்காரர்; நான் 'கேக்'. தின்னும் கேக் அன்று. விருந்தாளி என்னும் பொருளுள்ள அந்தச் சொல்லால் தெற்காசியரையும் குறிக்கிறார்கள். வாடகை என்னவோ ஃபராங்கைப் பார்த்துச் சொல்லப்பட்டது: மாதம் 18,000 பாட். இரண்டு மாத வாடகை முன்பணமாகவும் முதல் மாத வாடகை தனியாகவும் தருவது இங்கே பரவலான வழக்கம் என்பதால், 54,000 பாட்டை எண்ணிக் கொடுத்தபோது எங்களுக்கு எந்த ஐயமும் எழவில்லை. ஒரே வளாகத்தில் முன்வீட்டில் வீட்டுக்காரம்மா, பின்வீட்டில் நாங்கள், நடுவே ஒரு மீன் குளமும் இரண்டு மாமரங்களும்.

ஒப்பந்தம் தாய்லாந்து மொழியில் ஒன்றும் ஆங்கிலத்தில் ஒன்றுமாக இரண்டு படிகளில் இருந்தது. இயல்பான தேய்மானம் நீங்கலாக வீட்டை நல்ல நிலையில் ஒப்படைக்க வேண்டும் என்று ஆங்கிலப் படி சொன்னது. தாய்லாந்து மொழிப் படியில் தேய்மானத்தைப் பற்றிய பேச்சே இல்லை. இரண்டும் முரண்பட்டால் தாய்லாந்து மொழிப் படியே செல்லும் என்ற கடைசி வரி மட்டும் இரண்டிலும் தவறாமல் இருந்தது. இந்த வேறுபாட்டை நாங்கள் கண்டுகொண்டது வீட்டைக் காலி செய்த பிறகுதான். அதைவிடப் பெரிய தவறு ஒன்றும் செய்திருந்தோம். 'சனோட்' எனப்படும் நில உரிமைப் பத்திரத்தைக் காட்டும்படி கேட்கவில்லை. கேட்டிருந்தால், அந்த நிலம் பாங்காக்கில் இருக்கும் வீட்டுக்காரம்மாவின் அண்ணன் பெயரில் இருப்பதும், உரிமையாளர் என்று கையெழுத்திட்டவர் உரிமையாளர் அல்லர் என்பதும் அன்றே தெரிந்திருக்கும். இரண்டாயிரம் பாட் செலவழித்துத் தாய்லாந்து மொழி தெரிந்த ஒருவரிடம் ஒப்பந்தத்தை வாசிக்கக் கொடுத்திருக்கலாம். அந்தச் செலவை மிச்சம் பிடித்தோம்.

முதல் பத்து மாதங்கள் பழுதில்லாமல் கழிந்தன என்பதை மறைக்கக் கூடாது. வீட்டுக்காரம்மாவை நாங்கள் அக்கா முறை வைத்தே அழைத்தோம். மாங்காய்க் காலத்தில் கூடை நிறைய அனுப்பினார். எனக்குக் காய்ச்சல் கண்டபோது அரிசிக் கஞ்சி வைத்துக் கொண்டுவந்தார். ஏப்ரலில் சோங்கிரான் புத்தாண்டின்போது, மூத்தோரின் கைகளில் நறுமண நீர் ஊற்றி ஆசி பெறும் வடபகுதி வழக்கப்படி, மல்லிகை மிதக்கும் நீரை அவருடைய குவிந்த கைகளில் நான்தான் ஊற்றினேன். அவர் என் தலைக்கு மேல் ஈரக் கையை வைத்து நெடுநேரம் வாழ்த்தினார். இத்தகைய உறவில் பணத்தைப் பற்றிப் பேச நா எழாது. பிறருக்கு மனச்சங்கடம் தரக் கூடாதென்று தன் தேவையை அடக்கிக்கொள்ளும் பண்பைத் தாய்லாந்து மக்கள் 'கிரெங் ஜாய்' என்கிறார்கள். நம் ஊரில் அதற்குத் தாட்சண்யம் என்று பெயர். தாட்சண்யம் தன நாசம் என்ற பழமொழியை என் பாட்டி ஆயிரம் முறை சொல்லியிருக்கிறார். மேசைமேல் முழங்கையை ஊன்றி நேருக்கு நேர் கணக்குக் கேட்கும் டச்சுப் பழக்கம் உடைய என் கணவரை, "அக்கா வருத்தப்படுவார், விடுங்கள்" என்று தடுத்தவளும் நான்தான்.

மின்சாரத்தின் கதை இப்படி. தனி வீடாக இருந்தால் மாகாண மின்சார ஆணையத்தின் மீட்டரும் அதன் ரசீதும் நேரடியாக வரும். ரசீதை எடுத்துக்கொண்டுபோய் செவன் இலெவன் கடையிலேயே கட்டலாம். எங்களுடையது வளாகத்துக்குள் இருந்த பின்வீடு என்பதால் ஒரு சப் மீட்டர் மட்டுமே இருந்தது. அதைப் பார்த்து வீட்டுக்காரம்மா ஒரு தாளில் எழுதித் தருவார். யூனிட்டுக்கு 8 பாட். சியாங் மாயில் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை வயலும் காடும் எரியும் புகைக்காலம். 2023 மார்ச்சில் உலகிலேயே காற்று மிக மோசமான நகரங்களின் பட்டியலில் சியாங் மாய் பல நாட்கள் முதலிடத்தில் நின்றது. சன்னல்களை அடைத்து, இரண்டு காற்றுச் சுத்திகரிப்பான்களையும் ஏசியையும் இரவு பகலாக ஓட்டினோம். அந்த மாதம் 940 யூனிட், 7,520 பாட். அன்றைய அரசுக் கட்டணப்படி, எரிபொருள் சரிக்கட்டுத் தொகையும் 7 விழுக்காடு வரியும் சேர்த்தாலும் ஏறத்தாழ 5,200 பாட்தான் வந்திருக்கும். அந்தக் கணக்கை அப்போதே போட்டுப் பார்த்தேன், கேட்கவில்லை.

ஜூன் மாதம் மூன்று வாரம் ரோட்டர்டாம் சென்று திரும்பினோம். ஃபிரிட்ஜ் உட்பட எல்லாவற்றையும் அணைத்துவிட்டே போயிருந்தோம். திரும்பி வந்து பார்த்தால் மீட்டர் 140 யூனிட் ஓடியிருந்தது. என் கணவர் ஒன்றும் பேசவில்லை. அன்றிரவு பத்து மணிக்கு, கையில் டார்ச்சுடன் பின்சுவரில் இருந்த பெட்டியைத் திறந்து எங்கள் மெயின் சுவிட்சை இறக்கினார். வீடு இருண்டது. அதே நொடியில் மீன் குளத்தில் ஓடிக்கொண்டிருந்த மோட்டாரின் உறுமல் நின்றது. முன்வாசலில் எரிந்த மூன்று விளக்குகளும் அணைந்தன. தவளைகளின் சத்தம் மட்டும் பெரிதாகக் கேட்டது. சுவிட்சை ஏற்றினார், மோட்டார் உறுமியது, இறக்கினார், நின்றது. நான்கைந்து முறை அப்படிச் செய்துவிட்டு, "உன் அக்காவின் மீன்களை நாம்தான் வளர்க்கிறோம்" என்றார்.

மறுநாள் நான் போய்ச் சொன்னபோது வீட்டுக்காரம்மா திடுக்கிடவில்லை. பழைய வயரிங் என்றும், மாதம் 300 பாட் கழித்துக்கொள்வதாகவும் சொல்லிச் சிரித்தார். அந்த 300 பாட் எந்த மாதமும் கழிக்கப்படவில்லை. வீட்டைப் பார்க்கப் போகும் அன்றே, தாட்சண்யம் பிறப்பதற்கு முன்பே, சுவிட்சை இறக்கிப் பாருங்கள். யாருடைய வீட்டில் விளக்கு அணைகிறது என்று தெரிந்துவிடும்.

அப்போதே ஏன் வெளியேறவில்லை என்று கேட்பீர்கள். வெளிநாட்டவர் குடியிருப்பு அனுமதியில் வீட்டுக்காரரின் கை எவ்வளவு ஆழமாக இருக்கிறது என்பதைப் புரிந்துகொண்டால்தான் இதற்கு விடை கிடைக்கும். 1979ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டத்தின்படி, தம் வீட்டில் வெளிநாட்டவர் வந்து தங்கினால் 24 மணி நேரத்துக்குள் வீட்டுக்காரர் அதைத் தெரிவிக்க வேண்டும். அந்தப் படிவத்தின் பெயர் டிஎம் 30. என் கணவர் ஓய்வூதியக்காரருக்குரிய ஆண்டு நீட்டிப்பில் இருப்பவர். 8,00,000 பாட்டை வங்கியில் விண்ணப்பத்துக்கு முன் இரண்டு மாதம் அசையாமல் வைத்திருந்து, 1,900 பாட் கட்டணத்துடன் ஆண்டுதோறும் விண்ணப்பிக்க வேண்டும். அதற்கு எங்கள் அலுவலகத்தில் டிஎம் 30 ரசீது, வாடகை ஒப்பந்தம், வீட்டுக்காரரின் அடையாள அட்டை நகல், வீட்டுப் பதிவேட்டின் நகல் ஆகிய அனைத்தையும் கேட்டார்கள். ஒவ்வொரு நகலிலும் வீட்டுக்காரரின் கையெழுத்து வேண்டும்.

எங்கள் வீட்டுக்காரம்மா அந்தப் படிவத்தைத் தாக்கல் செய்யவே இல்லை. வாடகை வருமானம் வரித்துறையின் கண்ணில் படும் என்ற அச்சமே காரணம் என்று பிறகு அறிந்தோம். நீட்டிப்புக்கு ஒரு வாரம் இருக்கையில் அது தெரியவந்து, நாங்களே போய்த் தாமதத்துக்கான அபராதத்தைக் கட்டினோம். நகல்களில் கையெழுத்திட 1,500 பாட் கேட்டார், அதையும் கொடுத்தோம். மின்கட்டணத்தைப் பற்றி வாய் திறந்தால் கையெழுத்து நின்றுவிடும், கையெழுத்து நின்றால் நீட்டிப்பு நின்றுவிடும் என்று அவர் ஒருபோதும் சொன்னதில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. அனுமதிக் காலம் கடந்தால் நாளுக்கு 500 பாட் வீதம் 20,000 பாட் வரை அபராதம் என்பது எங்களுக்கு மனப்பாடம். வாடகை வீட்டில் நம் ஊரில் படும் பாட்டுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இதுதான்: அங்கே சண்டை போட்டால் வீடு போகும், இங்கே தங்கும் உரிமையே ஆட்டம் காணும்.

செப்டம்பர் இறுதியில், நீட்டிப்பு முத்திரை கடவுச்சீட்டில் விழுந்த பிறகு, முறைப்படி ஒரு மாத முன்னறிவிப்புடன் காலி செய்தோம். வீட்டுக்காரம்மா கையில் ஒரு நோட்டுப் புத்தகத்துடன் அறை அறையாக நடந்தார். தேக்குத் தரையில் நாற்காலிக் கால் பட்ட கீறல், மழைச்சாரல் பட்ட சன்னல் சட்டத்தின் கறை, மங்கிய திரைச்சீலை, மெத்தை, ஏசி கழுவும் கூலி, வளாகச் சுவருக்கு வெள்ளையடித்தல் எனப் பட்டியல் நீண்டது. குடிபுகுந்த நாளில் நாங்கள் எடுத்த படங்கள் மொத்தம் ஆறு. அவற்றில் நான்கு மாமரத்தின் படங்கள். கூட்டிப் பார்த்து 38,500 பாட் என்றார். முன்பணம் 36,000 போக, நாங்கள்தான் அவருக்கு 2,500 பாட் தர வேண்டியிருந்தது. நோட்டை மூடிவிட்டு, என் கையைத் தட்டிக் கொடுத்து, "மாய் பென் ராய்" என்றார். பரவாயில்லை, அந்த 2,500 வேண்டாம், விட்டுவிடுகிறேன் என்று பொருள். பதிலுக்கு நன்றி சொன்னேன் என்பதை இப்போது எழுதவே கூசுகிறது.

நுகர்வோர் பாதுகாப்பு வாரியத்தின் 1166 எண்ணை முதலில் அழைத்தோம். முன்பணத்துக்கும் மின்கட்டணத்துக்கும் வரம்பு விதிக்கும் விதி ஒன்று 2018 மே முதல் இருந்துவந்தது என்று அறிந்து மகிழ்ந்தோம். மகிழ்ச்சி ஐந்து நிமிடம் நீடித்தது. அந்த விதி அன்று ஐந்தோ அதற்கு மேலோ வீடுகளை வாடகைக்கு விடுவோருக்கானதாக இருந்தது. எங்கள் வீட்டுக்காரம்மாவிடம் இருந்தவை இரண்டு. விதிகள் திருத்தப்படக்கூடியவை என்பதால், ஒப்பந்தம் போடும் நாளில் நடப்பில் இருப்பது எது என்று அதே எண்ணில் கேட்டுக்கொள்வது நல்லது. அடுத்து, உள்துறையின்கீழ் இயங்கும் தம்ரொங்தம் என்னும் குறைதீர் மையத்துக்குப் போனோம். அதன் எண் 1567. அங்கிருந்த அலுவலர் பொறுமையாகக் கேட்டு, இரண்டு மொழிப் படிகளையும் அருகருகே வைத்து வாசித்தார். சனோட் யார் பெயரில் என்று கேட்டவரும் அவர்தான். நீதிமன்றம் போகலாம், ஆனால் உரிமையாளர் அல்லாதவரிடம் போட்ட ஒப்பந்தத்தையும் ஆறு படங்களையும் வைத்துக்கொண்டு எத்தனை முறை வருவீர்கள் என்று வெளிப்படையாகவே கேட்டார். ஊர்த் தலைவரிடம் பேசச் சொல்லி அவரே தொலைபேசியில் அழைத்தும் விட்டார். ஐந்தாம் வாரம் ஊர்த் தலைவரின் வீட்டுத் திண்ணையில் ஒரு வெள்ளை உறை கைமாறியது. உள்ளே ஆயிரம் பாட் தாள்கள் பத்து. யாரும் குரலை உயர்த்தவில்லை.

எதிர்ச்சாரியில் காவ் சோய் நூடுல்ஸ் கடை வைத்திருக்கும் மூதாட்டியை நாங்கள் 'பா' என்று அழைப்போம். பெரியம்மா என்பது போன்ற முறை. விடைபெறப் போனபோது அவர் கிண்ணத்தை வைத்துவிட்டு மெல்லச் சொன்னார்: "உங்களுக்கு முன்னால் ஒரு ஜெர்மன்காரர், அதற்கு முன்னால் ஓர் இளம் தம்பதி. அவர்களுக்கும் முன்பணம் வரவில்லை."

"முன்பே சொல்லியிருக்கலாமே, பெரியம்மா" என்றேன்.

"எப்படியம்மா சொல்வது? அவள் தினமும் என் கண்ணெதிரே இருப்பவள். நீங்களும் அவளோடு அக்கா தங்கை போல இருந்தீர்கள்."

இப்போது சான் சாய் பக்கம் குடியிருக்கிறோம். புதிய வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். குடிபுகுந்த அன்று மாலையே டிஎம் 30 ரசீதைக் கைப்பேசியில் அனுப்பிவிட்டார். சனோட்டைக் காட்டும்படி கேட்டபோது அவர் முகம் சுளிக்கவில்லை. உள்ளே போய் எடுத்துவந்து, பெயர் இருக்கும் இடத்தில் விரலை வைத்துக் காட்டினார். என் கணவர் 212 படங்கள் எடுத்து, ஒவ்வொரு அறைக்கும் ஒரு கோப்பாகப் பிரித்து, அவருக்கும் அனுப்பி, பெற்றுக்கொண்டேன் என்ற பதிலையும் வாங்கி வைத்திருக்கிறார். மீட்டர் தெருக் கம்பத்தில் இருக்கிறது. முதல் நாள் இரவு சுவிட்சை இறக்கிப் பார்த்தோம்; எங்கள் வீட்டு விளக்குகள் மட்டுமே அணைந்தன.