ஷீல்டா, ரைடரா, மொத்தத் தொகையா?

சிங்கப்பூர் ஈசூனில் மச்சான் வீட்டில் ஒரு பழைய பிஸ்கட் டின். காப்புறுதிப் பத்திரங்கள் எல்லாம் அதற்குள்தான். பெருங்குடலில் புற்றுநோய் என்று அவருக்குத் தெரிந்த அன்று இரவு அதைச் சாப்பாட்டு மேசையில் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்தோம். தனியார் மருத்துவமனைக்குப் போகக்கூடிய ஷீல்டு என்னும் மருத்துவமனைக் காப்புறுதி, அதற்கு மேல் பில்லில் நம் பங்கைக் குறைக்கும் ரைடர் என்னும் துணைக் காப்புறுதி. "பில்லுக்குக் கவலையில்ல மாப்ள" என்றார். பில்லுக்குக் கவலை இல்லாமல்தான் போனது. ஆனால் அவர் பிழைப்பு வாடகைக் கார் ஓட்டுவது. கீமோ முடியும்வரை ஆறு மாதம் வண்டி எடுக்கவில்லை. ஒரு காசு வரவில்லை.

அதன்பிறகுதான் என் பத்திரங்களை எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தேன்.

முதலில் மெடிஷீல்டு லைஃப். குடிமக்கள், நிரந்தரவாசிகள் எல்லாருக்கும் இருக்கும் அரசாங்க அடிப்படைக் காப்புறுதி. அரசாங்க மருத்துவமனையின் மானிய வார்டுகளான பி2, சி வகுப்புக் கட்டணத்தை மனத்தில் வைத்துப் போட்ட திட்டம். 2022 செப்டம்பரிலிருந்து, அரசாங்கத்தின் புற்றுநோய் மருந்துப் பட்டியலில் உள்ள சிகிச்சைக்குத்தான் இதில் பணம் கிடைக்கும். முன்பு எந்த மருந்தானாலும் மாத வரம்பு 3,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). இப்போது சிகிச்சையைப் பொறுத்து 200 முதல் 9,600 வெள்ளி வரை. மானியம் போக மாதம் 1,500 வெள்ளி பில் வருகிறது, அது வரம்புக்குள் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நம் பங்கு பத்து விழுக்காடு, அதாவது 150. அதையும் மெடிசேவ் என்னும் நம் மருத்துவச் சேமிப்புக் கணக்கிலிருந்து கட்டலாம். கேட்க நன்றாகத்தானே இருக்கிறது?

சிக்கல் வேறு இடத்தில். இந்த மானியம் கிடைக்க, பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) கடிதம் வாங்கி, மானிய நோயாளியாக நுழைய வேண்டும். பயத்தில் நேராகத் தனியார் நோயாளியாகப் பதிந்துவிட்டுப் பிறகு மாற நினைத்தால், மருத்துவ சமூகப் பணியாளரிடம் குடும்ப வருமானத்தையெல்லாம் சொல்லி விளக்க வேண்டியிருக்கும். பதற்றத்தில் எடுக்கும் அந்த முதல் அப்பாயின்ட்மென்ட்தான் பின்னால் வரும் செலவின் பெரும்பகுதியைத் தீர்மானிக்கிறது.

அடுத்தது தனியார் நிறுவன ஷீல்டு திட்டமும் ரைடரும். மருத்துவரை நாமே தேர்ந்தெடுக்கலாம், வரம்பும் தாராளம். ஆனால் 2023 ஏப்ரலிலிருந்து இவையும் அதே மருந்துப் பட்டியலைத்தான் பின்பற்றுகின்றன. பட்டியலுக்கு வெளியே உள்ள மருந்துக்கு ரைடரில் இடம் உண்டா என்று வரிவரியாகப் பார்க்க வேண்டும். சந்தாவுக்கு மெடிசேவிலிருந்து எடுக்கக்கூடிய கூடுதல் தொகை 40 வயதுவரை ஆண்டுக்கு 300 வெள்ளி, 70 வரை 600, அதற்கு மேல் 900. மீதி ரொக்கம். ரைடர் சந்தா முழுக்கவே ரொக்கம். மச்சானுடையது மாதிரிப் பழைய ரைடரில் நிறுவனப் பட்டியலில் உள்ள மருத்துவரிடம் போனால் நம் பங்கு ஐந்து விழுக்காடு, ஆண்டுக்கு 3,000 வெள்ளியோடு நிற்கும். 2026 ஏப்ரலிலிருந்து விற்கும் புதிய ரைடர்களில் அந்த உச்சம் குறைந்தது 6,000. பில்லில் நாம் முதலில் கட்ட வேண்டிய கழிவுத் தொகையையும் அவை ஏற்காது. எனக்கு இதில் உறுத்துவது ஒன்றுதான். சம்பளம் நின்றுபோன 70 வயதுக்கு மேல்தான் சந்தா எகிறிக்கொண்டே போகிறது.

மூன்றாவது, கடும் நோய்க் காப்புறுதி. நோய் உறுதியானால் மொத்தமாக ஒரு தொகை கையில் வரும். வீட்டுக்கடன், டியூஷன் கட்டணம், டாக்சி என்று எதற்கும் செலவழிக்கலாம், யாரும் ரசீது கேட்க மாட்டார்கள். வேலைச் சட்டப்படி மருத்துவமனை விடுப்பு ஆண்டுக்கு 60 நாள், சாதாரண மருத்துவ விடுப்பான 14 நாளும் அதற்குள் அடக்கம். கீமோவோ மாதக்கணக்கில் ஓடும். சொந்தமாகத் தொழில் பார்ப்பவருக்கு அந்த 60 நாளும் கிடையாது. பொடி எழுத்தையும் படியுங்கள்: வாங்கிய முதல் 90 நாளில் புற்றுநோய் தெரியவந்தால் பணம் இல்லை. பரவாமல் தோன்றிய இடத்திலேயே இருக்கும் ஆரம்பநிலைப் புற்றை அடிப்படைத் திட்டம் கணக்கில் சேர்க்காது. அதற்கு ஆரம்பநிலைக் காப்புறுதி தனியாக வேண்டும், விலையும் கூட.

"ஊருக்குப் போய்ப் பார்த்துக்கலாமே" என்று அத்தை சொன்னார். சென்னையில் செலவு குறைவு என்பது சரி. ஆனால் மெடிசேவை அங்கே பயன்படுத்த முடியாது, பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்பவரின் சம்பளமும் போகும். வொர்க் பெர்மிட்டில் இங்கே வந்து வேலை பார்க்கும் தம்பிகள் கதை தனி. முதலாளி எடுத்திருக்கும் குறைந்தது 60,000 வெள்ளிக் காப்புறுதி, மருத்துவமனையில் தங்குவதற்கும் பகல்நேர அறுவை சிகிச்சைக்கும்தான். வந்துபோய் ஏற்றிக்கொள்ளும் கீமோவுக்கு அதை நம்ப முடியாது.

நான் என்ன செய்தேன்? தனியார் மருத்துவமனைத் திட்டத்தை அரசாங்க மருத்துவமனையின் மானியமில்லாத ஏ வகுப்புக்கு இறக்கி, ரைடரை விட்டுவிட்டு, மிஞ்சிய ரொக்கத்தில் இரண்டு வருடச் சம்பளத்துக்குச் சமமான கடும் நோய்க் காப்புறுதி எடுத்தேன். ஏஜென்ட்டுக்கு முகம் சுருங்கியது. புதியது உறுதியாகிக் காத்திருப்புக் காலமும் முடியும்வரை பழையதைத் தொடவில்லை. ஏனென்றால் இறங்குவது சுலபம். மறுபடி ஏற வேண்டுமென்றால் அன்றைய உடல்நிலையை எழுதிக் கொடுக்க வேண்டும். மச்சானால் இனி அது முடியாது. அவர் மட்டும் ரைடரை விடாமல் கட்டிக்கொண்டிருக்கிறார்.