வலியில்லாத வெள்ளி சிமெண்டை எடுக்கச் சொன்னால் உஷார்: தருமபுரி, கிருஷ்ணகிரிக்காரர்கள் கவனத்துக்கு

தருமபுரியில் ஒரு பல் கிளினிக். பல்லைச் சுத்தம் செய்யப் போனவரிடம், "பாதரசம் உடம்புல இறங்கிட்டு இருக்கு, உடனே மாத்தணும்" என்று சொல்லியிருக்கிறார்கள். வலியோ கூச்சமோ இல்லாத 4 கடைவாய்ப் பற்களில் சொத்தைக் குழிக்கு அடைத்திருந்த பழைய வெள்ளி சிமெண்டை (அமால்கம்) முக்கால் மணி நேரத்துக்குள் குடைந்து எடுத்து, வெள்ளையாக அடைத்து அனுப்பிவிட்டார்கள். பில்லில் போட்டது காம்போசிட் என்ற பல் நிறப் பிசின் அடைப்பின் விலை. சில வாரங்களில் தண்ணீர் பட்டாலே கூச்சம். நிலக்கடலை மென்றபோது ஒரு அடைப்பு உடைந்து வந்தது. வாயில் இருந்தது காம்போசிட்டே இல்லை, கிளாஸ் அயனோமர்.

வெள்ளி சிமெண்டில் ஏறக்குறைய பாதி பாதரசம் என்பது உண்மைதான். ஆனால் அது வெள்ளி, வெள்ளீயம், செம்புடன் சேர்ந்து இறுகிக் கிடக்கிறது. நல்ல நிலையில் இருப்பதை எடுக்க வேண்டாம் என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2020-லேயே சொல்லிவிட்டது. குடைந்து எடுக்கும்போதுதான் பாதரச ஆவி அதிகம் கிளம்பும், கூடவே நல்ல பல்லும் கொஞ்சம் போகும். குழி ஆழமானால் நரம்பு வரை போய் வேர் சிகிச்சையில் முடியும். விளிம்பில் இடைவெளி, விரிசல், அடியில் சொத்தை, இவற்றில் ஒன்று இருந்தால் மாற்றலாம். ஓரம் கறுத்திருப்பது மட்டும் சொத்தை ஆகாது, உலோகத்தின் கறையாகவும் இருக்கலாம். எக்ஸ்ரே எடுத்துக் காட்டச் சொல்லுங்கள்.

கிளாஸ் அயனோமரும் பல் நிறம்தான், விலை குறைவு. குழந்தைகளின் பால் பல்லுக்கும் பல்லின் கழுத்துப் பகுதிக்கும் நல்ல பொருள். கடைவாயின் மெல்லும் பரப்பில் வைத்தால் தேயும், உடையும். பொடியையும் திரவத்தையும் தாளில் குழைத்து வைத்தால் அது பெரும்பாலும் அயனோமர். காம்போசிட் குழைத்தபடியே குழலில் வரும், அதில் ஏ2, ஏ3 என்று நிற எண் இருக்கும். நீல லைட் அடித்தார்கள் என்பதை மட்டும் வைத்து நம்பாதீர்கள், லைட்டில் இறுகும் அயனோமரும் உண்டு. குழலைக் கேட்டுப் பாருங்கள்.

வேலை நடக்க வேண்டிய விதம் இது. பல்லைச் சுற்றி ரப்பர் ஷீட் மாட்டி, தண்ணீர் பீய்ச்சிக்கொண்டே, பக்கத்தில் உறிஞ்சும் குழாயை வைத்து, வெள்ளியைப் பொடியாக்காமல் துண்டு துண்டாகப் பெயர்க்க வேண்டும். பிறகு 37% பாஸ்பாரிக் அமில ஜெல்லை முதலில் பல்லின் மேலடுக்கான எனாமலில் தடவி, கடைசி 15 வினாடி மட்டும் அதற்கு உள்ளே இருக்கும் டென்டினில் பட விட்டு, கழுவி, பாண்ட் என்ற ஒட்டுத் திரவத்தைத் தடவி லைட் அடிக்க வேண்டும். காம்போசிட்டை 2 மி.மீ. அடுக்காக வைத்து, ஒவ்வொரு அடுக்குக்கும் 20 வினாடி லைட். 'பல்க் ஃபில்' வகை மட்டும் 4 மி.மீ. வரை தாங்கும். அவசரத்தில் குழி முழுக்க ஒரே உருண்டையாக அமுக்கினால் அடிப்பகுதி இறுகாது. காம்போசிட் இறுகும்போது சுருங்கும் பொருள் என்பதால் ஓரமும் பிரிந்துவிடும். எச்சில் பட்டால் ஒட்டவே ஒட்டாது. கூச்சம் வருவதும், உள்ளே மறுபடி சொத்தை விழுவதும் இப்படித்தான். கடைசியில் கலர் தாளைக் கடிக்கச் சொல்லி உயரம் பார்க்க வேண்டும். ஒரு கடைவாய்ப் பல்லுக்கே அரை மணி நேரமாவது பிடிக்கும் வேலை இது.

நம் பக்கத்தில் இன்னொன்று. நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம் என்பதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்த மாவட்டங்கள் இவை. போர் தண்ணீர் குடித்தே வளர்ந்தவர்களின் பல்லில் பழுப்புக் கறை இருந்தால், அந்த எனாமலை அமிலம் சுலபமாக அரிக்காது. மேலடுக்கை லேசாகச் சுரண்டி, எனாமலில் ஜெல்லைக் கூடுதல் நேரம் விட்டால்தான் பிடிக்கும். இதை யோசிக்காமல் அடைத்தால் ஓரம் சீக்கிரம் பெயர்ந்துவிடும். அடைப்பின் நிறத்தையும் பல் காய்வதற்கு முன்பே பொருத்திப் பார்க்கச் சொல்லுங்கள்.

பில்லில் எந்தப் பல், எந்தப் பொருள், எத்தனை என்று எழுதி வாங்குங்கள். ஏமாற்றம் நடந்துவிட்டால் தமிழ்நாடு பல் மருத்துவ கவுன்சிலிடம் புகார் தரலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு 2 வருடத்துக்குள் போக வேண்டும், சிகிச்சைக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் இல்லை. ஆனால் அதற்கு முன் வேறு டாக்டரிடம் போய் அடைத்ததை உடனே எடுத்துவிடாதீர்கள். படமும் எக்ஸ்ரேயும் எடுத்து, உள்ளே என்ன பொருள் இருக்கிறது என்று அவரிடம் எழுதி வாங்கிய பிறகே எடுக்கச் சொல்லுங்கள்.